டேப்பின் கடைசி நான்கு நிமிடம்: வாசகர் கேள்வி பதில்

பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையில் 22 வருடங்களாக இருக்கிறேன். சின்ன வயதில் டிவியில் பார்த்து, பிறகு எங்குமே கிடைக்காமல் போன குழந்தைகள் நிகழ்ச்சிகளைத் தேடும் ரசிகர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எழுபதுகளின் கடைசியில் அப்பாவின் வேலைக்காக அமெரிக்காவில் இருந்தோம். எனக்கு நாலு வயது. டிவியில் ஒரு கார்ட்டூன் பார்த்தேன். சுவரில் இருக்கும் விரிசல் ஒட்டகமாக மாறும். கடைசியில் ஒரு கெட்ட விரிசல் வரும். அதற்குப் பிறகு பல நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கவே மாட்டேன். வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. நானாகக் கற்பனை செய்துகொண்டேனா?

கற்பனையே இல்லை. நீங்கள் பார்த்தது 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் 1975-இல் முதலில் வந்த 'கிராக்ஸ்' என்ற சின்னத் துண்டு. படுக்கையில் கிடக்கும் ஒரு சிறுமி சுவர்ப்பூச்சில் உள்ள விரிசல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவை ஒட்டகமாகவும் குரங்காகவும் கோழியாகவும் எழுந்து வரும். அவற்றோடு அவள் ஊர்சுற்றப் போகும்போதுதான் 'கிராக் மாஸ்டர்' வருவான். நீங்கள் சொல்லும் கெட்ட விரிசல் அவன்தான். தன்னுடைய கெட்ட குணத்தாலேயே அவன் உடைந்து நொறுங்கிப் போவான் என்பதுதான் முடிவு. ஆனால் அந்த வயதில் முடிவா மனதில் நிற்கும்? முகம்தான் நிற்கும்.

உங்களைப் போலவே பலர் இதை வருடக்கணக்கில் தேடினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இது நினைவிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருடைய நினைவில் ஒட்டகம் இருந்தது, இன்னொருவருக்குப் பின்னணியில் பாடுவதுபோலக் கதை சொன்ன பெண்குரல் காதிலேயே நின்றது. தேடியவர்களில் ஒருவருக்குப் பிரதி முன்பே கிடைத்திருந்தது. ஆனால் வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. 2013 கடைசியில்தான் அது எல்லோரும் பார்க்கும்படி வெளியே வந்தது. அந்தக் குரல் டோரதி மாஸ்கோவிட்ஸ் என்ற பாடகியுடையது என்பது அதற்கும் பிறகுதான் தெரியவந்தது.

நிகழ்ச்சியே பத்திரமாக இருக்கும்போது துண்டு மட்டும் எப்படித் தொலையும் என்று கேட்பீர்கள். 'செசமி ஸ்ட்ரீட்' கட்டப்பட்ட விதம் அப்படி. தெருவில் நடக்கும் கதைக்கு நடுவே எண்ணுக்கும் எழுத்துக்கும் ஏற்ற குட்டிப் படங்களைச் செருகுவார்கள். அதே படம் வேறொரு நாள் வேறொரு அத்தியாயத்திலும் வரும். பிறகு ஒருநாள் சுற்றிலிருந்தே நின்றுவிடும். 2019-இல் அந்த நிகழ்ச்சியின் 50-ஆவது ஆண்டையொட்டி ஏறக்குறைய 4,500 அத்தியாயங்களை அமெரிக்கப் பொது ஒலி, ஒளிபரப்புக் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். அத்தனைக்குள் ஓரிரு நிமிடப் படம் ஒன்றைப் பெயரும் தெரியாமல் எந்த மூலையில் தேடுவது?

இப்போது அதை நீங்கள் தாராளமாகப் பார்க்கலாம். பகலில் பாருங்கள், வீட்டில் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். உங்களை நம்பாதவர்கள் அவர்கள்தானே.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டு எடுத்த நிகழ்ச்சிகளை டிவி நிலையங்களே அழித்தன என்கிறீர்கள். மனசு எப்படி வந்தது?

அந்தக் காலத்து வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம். விலை அதிகம், இடத்தை அடைக்கும், அழித்துவிட்டுத் திரும்பப் பதிவு செய்யலாம். வீட்டில் போட்டுப் பார்க்கும் கேசட் என்ற ஒன்றே அப்போது கிடையாது. நடிகர் சங்க ஒப்பந்தங்களால் மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. கலர் வந்தபிறகு கறுப்பு வெள்ளையை யாரும் கேட்கவில்லை. இப்படித்தான் பிரிட்டனின் பிபிசி நிலையத்தில் வந்த 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் 1960-களின் அத்தியாயங்கள் பல போயின. 1978 வாக்கில்தான் அழிப்பது நின்றது.

அந்தக் கட்டடத்திலேயே வேறுமாதிரி யோசித்த ஒருவரும் இருந்தார். 'புளூ பீட்டர்' குழந்தைகள் நிகழ்ச்சியின் ஆசிரியர் பிடி பாக்ஸ்டர். தன் நிகழ்ச்சியின் டேப்புகளை வைத்திருக்கத்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அதனால் இன்று அதில் பெரும்பகுதி இருக்கிறது. அதோடு முடியவில்லை. 'டாக்டர் ஹூ'வின் நாயகனான 'டாக்டர்' உருமாறும்போது வேறொரு நடிகர் அந்த வேஷத்துக்கு வருவார். அப்படி முதல் டாக்டர் இரண்டாவது டாக்டராக உருமாறும் 1966-ஆம் வருட அத்தியாயம் தொலைந்துவிட்டது. ஆனால் அந்த உருமாற்றக் காட்சி மட்டும் நம்மிடம் இருக்கிறது, ஏனென்றால் 1973-இல் 'புளூ பீட்டர்' அதை எடுத்துப் போட்டுக் காட்டியது. அவருடைய பிடிவாதத்துக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

வெளிநாடுகளுக்கு விற்பதற்காக 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்த பிரதிகள்தான் அப்புறம் கைகொடுத்தன. நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் அலமாரியில் இருந்து 'டாக்டர் ஹூ'வின் தொலைந்த 9 அத்தியாயங்கள் கிடைத்ததை 2013-இல் அறிவித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு அதைவிடச் சின்னது. ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்கள், குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று அந்தத் தொடரிலிருந்து சில வினாடிக் காட்சிகளை வெட்டினார்கள். வெட்டியதைத் தூக்கிப் போடாமல் கோப்போடு சேர்த்து வைத்தார்கள். அத்தியாயங்கள் அழிந்தன, வெட்டுத்துண்டுகள் தங்கிவிட்டன. 1996-இல் ரசிகர்கள் அந்த நாட்டுக் காப்பகத்தில் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். பார்க்கக்கூடாது என்று ஒதுக்கிய காட்சிகள் மட்டும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன!

கேள்வி: ஒரு பொம்மலாட்டத் துண்டு நினைவிருக்கிறது. பெயர் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது?

ஒரு நோட்டில் ஆரம்பியுங்கள். தேடுவதற்கு முன்னால், வேறு யாரிடமும் பேசுவதற்கு முன்னால், நினைவில் உள்ளதை அப்படியே எழுதித் தேதி போடுங்கள். மற்றவர் சொல்வதைக் கேட்டுவிட்டால் அவருடைய பொம்மை உங்கள் நினைவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. மெட்டு நினைவிருந்தால் முனகிப் போனில் பதிவு செய்யுங்கள். டிவி எந்த அறையில் இருந்தது, அது கறுப்பு வெள்ளையா, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு அடுத்து என்ன நிகழ்ச்சி வந்தது என்பதையும் எழுதுங்கள். வருடத்தைப் பிடிக்க உதவுவது இதெல்லாம்தான். வருடம் கிடைத்தால் அந்தக் காலத்துச் செய்தித்தாளில் வந்த டிவி நிகழ்ச்சி நிரலைப் புரட்டலாம்.

தயாரித்த நாடு வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலின் 'பின்வீல்' நிகழ்ச்சியில் பார்த்த ஒரு பயங்கரமான கடிகார மனிதனை ரசிகர்கள் பல வருடம் தேடினார்கள். 2017-இல் கண்டுபிடித்தபோது அது செக்கோஸ்லோவாக்கியாவில் 1976-இல் எடுத்த குறும்படமாக இருந்தது. ஆடை அலங்காரத்தில் மோகம் கொண்ட சாலி என்ற பெண்ணைப் பற்றிய கதை. படத்தின் பெயரில் கடிகாரமே கிடையாது. அமெரிக்கப் பெயர்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் இன்றைக்கும் கிடைத்திருக்காது.

கேள்வி: கண்டுபிடித்துப் பார்த்தபிறகு 'இவ்வளவுதானா' என்று ஆகிவிடாதா?

சில சமயம் ஆகும். ஆனாலும் பார்ப்பதே நல்லது என்பேன். 1976-இல் 'செசமி ஸ்ட்ரீட்'டின் 847-ஆவது அத்தியாயத்தில் மார்கரெட் ஹாமில்டன் சூனியக்காரியாக வந்தார். 1939-இல் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' திரைப்படத்தில் அவர் போட்ட அதே வேஷம். குழந்தைகள் மிரண்டுபோனதாகப் பெற்றோர்கள் எழுதித் தள்ளினார்கள், அந்த அத்தியாயம் மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. 2022-இல் அது வெளியே வந்தது. துடைப்பத்தைத் தவறவிட்டுவிட்டு அதைத் திரும்ப வாங்கப் படாதபாடு படும் ஒரு கிழவியைத்தான் அதில் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் அதே நடிகை 'மிஸ்டர் ராஜர்ஸ்' என்ற இன்னொரு குழந்தைகள் நிகழ்ச்சிக்கு வந்து, கறுப்பு அங்கியைக் குழந்தைகள் கண்முன்னாலேயே போட்டுக்காட்டி, இது வெறும் வேஷம்தான் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அந்த அன்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 847-ஆவது அத்தியாயத்தை 46 வருடம் பூட்டி வைத்ததில் துடைப்பத்துக்காகப் பாடுபடும் அந்தக் கிழவியும்தான் மறைந்து போயிருந்தாள்.

கேள்வி: அப்பா காலமான பிறகு ஒரு பெட்டி நிறைய விஎச்எஸ் கேசட் கிடைத்தது. பாதியில் லேபிள் இல்லை. வீட்டு விசேஷங்களை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதைப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், ஒருவர் தன் மகளின் பிறந்தநாள் கேசட்டைக் கொண்டுவந்தார். கேக் வெட்டி, பாட்டுப் பாடி, திரை கறுப்பானது. சில வினாடிகள் கழித்துக் கீழே இருந்த பழைய பதிவு எட்டிப் பார்த்தது. ஒரு துணிப் பொம்மை, கண்ணுக்குப் பதில் இரண்டு சட்டைப் பொத்தான்கள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. அது ஒரு குடையை விரிக்கப் போராடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் ஓடியது. வாடிக்கையாளர் கேட்டது பிறந்தநாள்தான் என்று நான் அதை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். ஒன்பது வருடம் கழித்து அந்தப் பொத்தான் கண்களைச் சொல்லி ஒருவர் விசாரித்தார். உடனே அந்த வாடிக்கையாளருக்குப் போன் செய்தேன். மாற்றியாகிவிட்டதே என்று கேசட்டை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நான்கு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். முதலில் ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இடது ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். பிறகு தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பதிவாகாது. ஜன்னல் வழியாகச் சுருளைச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை மெஷினில் போடவே கூடாது, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக ஒரு பையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் மாற்றத் தொடங்குங்கள்.

மாற்றும்போது டேப் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்து பத்து நிமிடம் வெறும் இரைச்சல் புள்ளிகள் வந்தாலும் நிறுத்தாதீர்கள். விளம்பரங்களை வெட்டாதீர்கள், தேதியைக் கண்டுபிடிக்க அவைதான் துணை. அப்பா கையால் எழுதிய லேபிளை உரிக்காமல் போட்டோ எடுத்து அந்தக் கோப்போடு வையுங்கள். லேபிள் இல்லாத கேசட்டுகளை முதலில் மாற்றுங்கள். அவற்றில் ஏதாவது பொம்மை குடை பிடித்துக்கொண்டு நின்றால், எந்த நேரமானாலும் எனக்கு எழுதுங்கள்.