கம்பத்துக்காரங்க (கிராமத்து ஆளுங்க) மேல ஏன் கோவம்?

ஐயா, 2022 மலேசியப் பொதுத் தேர்தல்ல எங்க பாங்கி தொகுதியில 3 லட்சம் வாக்காளருக்கு ஒரு எம்பி, சரவாக் இகான்ல 28 ஆயிரம் பேருக்கே ஒரு எம்பி. படிக்காத கம்பத்துக்காரங்க நம்ம தலையெழுத்த எழுதுறாங்க. வாங்கின ஓட்டுக்கேத்த மாதிரி சீட் தர்ற விகிதாச்சார முறை வந்தா சரியாகுமா? இனிமே ஓட்டு போடப் போகணுமா?
- பாங்கி வாசகர்

அன்புள்ள தம்பி,

கணக்கு சரி, கோவமும் நியாயம். ஆனா "படிக்காத"ன்னு எழுதினீங்களே, இன்னொரு தடவை அப்படி எழுதாதீங்க. எங்கம்மா பால்மரம் சீவுனவங்க, பேர் எழுதத் தெரியாது. ஓட்டு நாள்ல ஐசிய (அடையாள அட்டைய) முந்தானையில முடிஞ்சுகிட்டு தோட்டத்து ஸ்கூல்ல முதல் ஆளா நிப்பாங்க, கிராணி (கிளார்க்) பேர சத்தமா வாசிச்சு ரூலர் வச்சு கோடு போடுற வரைக்கும் லிஸ்ட்ட விட்டு கண்ண எடுக்க மாட்டாங்க. யாருக்குப் போடணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல.

விகிதாச்சாரம் வேற பேச்சு, இப்ப வேணாம்.

1957 அரசியல் சட்டத்துல ஒரு தொகுதியோட வாக்காளர் எண்ணிக்கை சராசரிய விட 15 சதவீதம்தான் கூடலாம் குறையலாம்னு இருந்துச்சு. 1962ல கிராமத் தொகுதி பட்டணத் தொகுதியில பாதி இருந்தா போதும்னாங்க, 1973ல அந்த வரம்பையும் தூக்கிட்டாங்க. கேட்டா தூரம், ஆறு, ரோடு இல்லன்னு சொல்வாங்க. இகானுக்கு அது பொருந்தும், ஒத்துக்கறேன். புத்ராஜெயாவுக்கு? அரசாங்க ஆபீசுக்குன்னே கட்டின நகரம், 2013ல அங்க 16 ஆயிரம் வாக்காளர்கூட இல்ல, அதே தேர்தல்ல காப்பார்ல 1 லட்சத்து 44 ஆயிரம். அந்த வருஷம் 51 சதவீத ஓட்டு வாங்கின எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு 89 சீட், 47 சதவீதம் வாங்கினவங்களுக்கு 133. இதுல கம்பத்துக்காரன் என்ன தப்பு பண்ணான்? தொகுதி எல்லைக்குக் கோடு போட்டவங்களக் கேளுங்க.

தோட்டத்த வித்தப்ப நம்ம சனம் எங்க போச்சு, காப்பார், கிள்ளான், பூச்சோங்னு பட்டணத்து ஃப்ளாட்டுக்குத்தான். வீடு போச்சு, கோயில் போச்சு, கூடவே ஓட்டோட எடையும் போச்சு, நஷ்டஈடு பேசினப்ப அதப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல. ஏழைன்னா கிராமம்னு சொல்றவங்க, லிஃப்ட் ரிப்பேரான ஃப்ளாட்ல தண்ணி பக்கெட்டோட மாடியேறுற அக்காவ எதுல சேப்பாங்க? எனக்கு இத நினைச்சா ஆறவே மாட்டேங்குது தம்பி.

தீபகற்ப மலேசியாவுல கடைசியா தொகுதி எல்லை மாத்தினது 2018ல, நடுவுல எட்டு வருஷமாவது விடணும், அதனால 2026க்கு மேல எப்ப வேணா அடுத்தது ஆரம்பிக்கலாம். அறிவிப்பு வந்ததும் அந்தத் தொகுதி வாக்காளர் 100 பேர் சேர்ந்து ஆட்சேபம் குடுத்தா தேர்தல் ஆணையம் விசாரணை வச்சே ஆகணும். ஒரு மாசம்தான் டைம், அதுக்குள்ள ஆள் சேக்க முடியாது, உங்க தாமான்ல (குடியிருப்புல) இப்பவே நூறு பேர்கிட்ட பேசி வைங்க.