வானொலிக் கேள்வி – பதில்

கேள்வி: டி.வி. வராத காலத்தில் எங்கள் ஊரில் பகலிலும் திருச்சியைவிட இலங்கை வானொலிதான் துல்லியமாகக் கேட்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரத்துச் சொந்தக்காரர்களோ, ராத்திரிதான் ஒழுங்காகக் கேட்கும் என்கிறார்கள். எது சரி?
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: இரண்டும் சரி. திருச்செந்தூரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் திருச்சியும் கொழும்பும் ஏறக்குறைய 260 கிலோமீட்டர்தான். வித்தியாசம் வழியில் இருக்கிறது. இந்த ஒலிபரப்பு வரும் மத்திய அலை (மீடியம் வேவ்) பகலில் தரையை ஒட்டியே வரும். கொழும்பு அலைக்கு மன்னார் வளைகுடாவின் உப்புத் தண்ணீர்தான் பாதை. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அலை அதிகம் தேய்வதில்லை. திருச்சி அலை சிவகங்கை, கமுதி என்று வறண்ட மண்ணில் தேய்ந்து தேய்ந்து வரவேண்டும். அம்பாசமுத்திரத்துக்கோ கொழும்பு அலையும் கரையேறிய பிறகு நிலத்தைக் கடந்தாக வேண்டும்.

பொழுது சாய்ந்ததும் கதை மாறும். பகலில் மத்திய அலையை உறிஞ்சுகிற வான்மண்டல அடுக்கு (60 முதல் 90 கிலோமீட்டர் உயரம்) இரவில் கரைந்துவிடும். அலை அதற்கும் மேலே போய்த் திரும்பி இறங்கும். மேலிருந்து இறங்குவதும் தரையில் வருவதும் கலக்கும்போது சத்தம் ஏறி இறங்கும். அது செட்டின் கோளாறு அல்ல. 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்த பிறகுதான் மாவட்டத்துக்குப் பகலிலும் நம்பிக்கையான சொந்த ஒலிபரப்பு கிடைத்தது.

கேள்வி: பரணில் தாத்தாவின் வால்வு ரேடியோ கிடக்கிறது. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தயவுசெய்து அப்படியே செருகாதீர்கள். முதலில் வால்வுகளில் (உள்ளே நிற்கும் கண்ணாடிக் குழாய்களில்) உள்ள எண்களைப் படியுங்கள். யுசிஎச் 81, யுஎல் 84 என்று ‘யு’வில் தொடங்கினால் அது ஏசி/டிசி செட். அதன் சேஸிஸிலேயே (உள்ளே உள்ள உலோகச் சட்டத்திலேயே) கரண்ட் இருக்கலாம். குமிழ் கழன்றிருந்தால் உள்ளே தெரியும் திருகாணியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். அந்த வகையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. அதில் எல்லா வால்வின் ஹீட்டரும் (வால்வைச் சூடாக்கும் இழை) ஒரே சரமாக இருப்பதால், ஒன்று போனால் அத்தனையும் அணைந்துவிடும்.

இசிஎச் 81, இஎல் 84 என்று ‘இ’ வரிசையாக, டிரான்ஸ்ஃபார்மரோடு இருந்தால், 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துக் கரண்ட் கொடுங்கள் (எல்இடி பல்பு உதவாது). பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள்.

மங்கினாலும் உடனே பல்பை எடுத்துவிட்டு நேராக பிளக்கைச் செருகிவிடக் கூடாது. அவுட்புட் வால்வுக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு) முன்னால் உள்ள பேப்பர் கண்டென்சரை (பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட்) கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள், 630 வோல்ட் ஃபிலிம் வகை போதும். பழையது கசிந்தால் வால்வு அளவுக்கு மீறிச் சூடேறி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரித்துவிடும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்று கிடைப்பது அபூர்வம். பாட்டுக்கு அடியில் ‘கும்’மென்ற ஓசை விடாமல் கேட்டால் ஃபில்டர் கண்டென்சர் வறண்டிருக்கிறது. கரண்டை எடுத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டே கை வையுங்கள்.

ஏரியலுக்கு 10 மீட்டர் செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ். ஐப்பசி இடிமழையில் அதைச் செட்டிலிருந்து கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: அந்த ரேடியோவுடன் தபால் முத்திரை குத்திய சிறு புத்தகம் ஒன்றும் இருந்தது. என்ன அது?
– அதே வாசகர்

பதில்: ரேடியோ லைசென்ஸ். 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோ வைத்திருக்க அப்போது அனுமதி வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பித்துவந்தார்கள். 1980-களின் நடுவில் இந்தக் கட்டணம் நீக்கப்பட்டது.