பழைய ஸ்ப்ரிங்கர்லே குறிப்பில் அமோனியா என்று இருக்கிறது. பதிலுக்கு பேக்கிங் பவுடர் போடலாமா?

தாராளமாகப் போடலாம், அதே அளவு. ஜெர்மனியின் இந்தக் கிறிஸ்துமஸ் சோம்பு பிஸ்கட்டுக்குப் பழைய வீட்டுக் குறிப்புகள் அமோனியா என்று சொல்வது, மாவை உப்ப வைக்கும் அம்மோனியம் கார்பனேட்டை. ஒரு காலத்தில் மான் கொம்பைச் சூடாக்கி எடுத்தது. அடுப்புச் சூட்டில் வாயுவாகிப் பறந்துவிடும். பச்சை மாவை மட்டும் ருசி பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால், உலர்த்துவதுதான் முக்கியம். மர அச்சில் அழுத்தி எடுத்த மாவை ஓர் இரவு மூடாமல் வையுங்கள். மேல்பக்கம் விரலில் ஒட்டாதபடி காய்ந்து தோல் கட்டும். சுடும்போது அந்தத் தோல் அசையாது. அடிப்பக்கம்தான் உப்பி, அச்சுப் படம் கலையாமல் மேலே தூக்கும். 150 டிகிரி செல்சியஸ் போதும், மேலே வெள்ளையாகவே இருக்கட்டும். அன்றைக்குக் கல் மாதிரிதான் இருக்கும். அப்புறம் டப்பாவில் ஒரு துண்டு ஆப்பிளோடு வைத்தால் மெத்தென்று ஆகிவிடும்.