பதில்: வகுப்பில் மட்டும் வாய் திறக்காத மகள்

தங்கச்சி, வீட்டில் ஓயாமல் கதைக்கும் மகள் வகுப்பில் 3 மாதமாக வாயே திறக்கவில்லை, டீச்சர் ‘அடம்’ என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அடம் இல்லை, பயம். கதைக்க நினைத்தாலும் குரல் வராது. ‘கதைத்தால் டொஃபி’ என்று கேட்கவே வேண்டாம்.

என் மகனுக்கும் இதேதான். பள்ளிக்கூடம் விட்டபின் வெறும் வகுப்பறையில் நானும் அவனும் கோணேசர் கோயில் வழியில் நிற்கும் மான்களைப் பற்றிக் கதைப்போம். டீச்சர் முதலில் வாசலில் நின்று கொப்பி திருத்தினார். சில நாளில் பின் வாங்கில், அப்புறம் பக்கத்தில். ஒருநாள் நாங்கள் வைத்திருந்த மான் படத்தைப் பார்த்தபடியே, “கொம்பு பெரிசா, சின்னதா?” என்று கேட்டுவிட்டு 5 விநாடி பொறுத்தார். “பெரிசு” என்றான், காற்று மாதிரி. டீச்சர் கைதட்டவில்லை, அடுத்த படத்தைப் புரட்டினார். அந்த டீச்சரை மறக்கமாட்டேன்.

உங்கள் மகளும் இப்படிக் கதைக்கும்வரை தலையாட்டலையும் பதிலாக எடுக்க டீச்சரிடம் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று காட்ட ஒரு அட்டை கொடுத்துவிடுங்கள். வைத்தியசாலை மனநலப் பிரிவிலும் இப்போதே காட்டுங்கள்.