அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டில் ஐந்து பேர்: எந்தச் சின்ன கார்?

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். என் உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், மகள், 68 வயது அம்மா என்று வீட்டில் ஐந்து பேர். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வாரம் ஒருமுறை அவரை பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். மாதம் ஒருமுறை எல்லோரும் கும்பகோணம் போய்வருவோம். வேகன் ஆர், பலேனோ, ஐ20 மூன்றையும் பார்த்தோம். எங்கே கேட்டாலும் "இடம் தாராளம் சார்" என்கிறார்கள். எதில் உட்கார்ந்து போக வசதி?

பதில்: கடையில் தரும் தாளில் உள்ள எண்களில் இருந்தே ஆரம்பிக்கிறேன். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் வீல்பேஸ் என்கிறோம். ஐ20-இல் அது 2580 மில்லிமீட்டர், பலேனோவில் 2520, வேகன் ஆரில் 2435. இதை மட்டும் பார்த்தால் ஐ20-இல்தான் கால் நீட்ட அதிக இடம் இருக்க வேண்டும். ஆனால் நேரில் போய் மூன்றிலும் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஐ20-ஐ விட 34 சென்டிமீட்டர் நீளம் குறைந்த வேகன் ஆரிலும் முழங்கால் முன்சீட்டில் இடிக்காது.

காரணம் உயரம். வேகன் ஆர் 1675 மி.மீ. உயரம், ஐ20 1505 மி.மீ. மணையில் உட்கார்ந்தால் காலை முன்னால் நீட்டித்தான் ஆக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் கீழே இறங்கிவிடும், முன்னால் அவ்வளவு இடம் தேவையில்லை. உயரமான காரின் சீட் நாற்காலி மாதிரி, தாழ்வான காரின் சீட் மணை மாதிரி. உங்கள் அம்மாவுக்கு எது நல்லது என்று நான் சொல்லவே வேண்டாம். தேய்ந்த முழங்காலுக்குப் பயணத்தை விட, தாழ்ந்த இடத்தில் உட்காருவதும் அங்கிருந்து எழுவதும்தான் பெரிய வேதனை.

வீட்டில் அம்மா கையை ஊன்றாமல் எழுந்திருக்கும் நாற்காலி எது என்று பாருங்கள். தரையில் இருந்து அதன் உட்காரும் பரப்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசை நாற்காலி என்றால் 18 அங்குலம் பக்கத்தில் வரும். அதே டேப்போடு ஷோரூமுக்குப் போய், காருக்கு வெளியே தரையில் இருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அளக்கவும். வீட்டு அளவை விட மிகவும் கீழே இருக்கும் கார் அவருக்கு வேண்டாம். கதவடியில் கால் தாண்டும் விளிம்பையும் பாருங்கள். அது உயரமாக இருந்தால் முழங்காலை அதிகம் மடக்கித் தூக்க வேண்டிவரும்.

சரி, அப்படியென்றால் வேகன் ஆரே போதுமே என்று தோன்றும். இங்கேதான் உங்கள் கும்பகோணம் பயணம் குறுக்கே வருகிறது. அம்மா முன்னால் உட்கார்ந்தால் பின்னால் மனைவி, மகன், மகள் என்று மூன்று பெரியவர்கள். வேகன் ஆரின் வெளி அகலம் 1620 மி.மீ., பலேனோ 1745, ஐ20 1775. ஒரு ஆளின் தோளுக்குச் சுமார் 17 அங்குலம் என்றால் மூன்று பேருக்கு 51 அங்குலம் வேண்டும். வெளி அகலத்தில் இரண்டு கதவுகளின் தடிமனும் போய்விடும் என்பதால், உள்ளே தோள் உயரத்தில் கதவுக்குக் கதவு அளந்தால்தான் உண்மை தெரியும். வேகன் ஆரில் இரண்டு பேர் ராஜாவாகப் போகலாம். மூன்றாவது ஆள் ஏறியதும் ஒருவர் தோளை முன்னே தள்ளித்தான் உட்கார வேண்டும். பின்சீட்டுக்கு ஏசி வென்ட்டும் அதில் கிடையாது. மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் அப்படிப் போவது கஷ்டம்.

அகலமும் உயரமும் ஓரளவு சேர்ந்த காரையும் உங்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன். டாடா பஞ்ச் 1742 மி.மீ. அகலம், 1615 மி.மீ. உயரம். அதன் கதவுகள் கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கும். முதலில் சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பும் வயதானவர்களுக்கு இது எவ்வளவு உதவி என்பதை என் அப்பாவின் மூட்டு அறுவைக்குப் பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன். அவர் கதவு இடுக்கில் காலை மடக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது. பஞ்ச் தரையில் இருந்து சற்று எழும்பி நிற்கும் கார், அதனால் விளிம்பு உயரத்தை அவசியம் பாருங்கள்.

என் வரிசை இதுதான்: முதலில் பஞ்ச். அதில் பின்னால் மூவருக்கும் நெருக்கம் என்று தோன்றினால் ஐ20, ஆனால் அம்மா அதில் இருந்து சிரமமில்லாமல் எழுந்தால் மட்டும். பலேனோவிலும் சீட் தாழ்வுதான், அகலமும் ஐ20-ஐ விடக் குறைவு. ஐந்து பேரும் சேர்ந்து போவது வருடத்துக்கு நாலைந்து முறைதான் என்றிருந்தால் யோசிக்காமல் வேகன் ஆர் என்றிருப்பேன்.

டெஸ்ட் டிரைவ் போகும்போது ஓட்டுநர் சீட்டை உங்களுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளிவிட்டு, அதே சீட்டுக்குப் பின்னால் மகனை உட்கார வையுங்கள். முழங்காலுக்கு முன் நாலு விரல் இடம் இருந்தால் போதும், ஆனால் தொடையைக் கவனியுங்கள். பின்சீட்டின் மெத்தையை நீளம் குறைத்துத் தைத்தால் கால் இடம் அதிகமாகத் தெரியும். உட்காருபவரின் தொடை பாதியில் அந்தரத்தில் நிற்கும், அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். சீட் முனைக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று நான்கு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த சீட் குட்டை. உட்கார்ந்தவுடன் மெத்மெத்தென்று இருக்கும் சீட்டையும் நம்ப வேண்டாம். கொஞ்சம் கெட்டியான சீட்தான் தூரப் பயணத்தில் இடுப்பைத் தாங்கும். குறைந்தது அரை மணி நேரம், ஐந்து பேரும் ஏறி, வேகத்தடை உள்ள தெருவில் ஓட்டுங்கள். அதற்கு முன் டயர் காற்றைக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். காற்று கூடுதலாக இருந்தால் நல்ல காரும் தூக்கிப்போடும்.

இந்த விலையில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி பெரும்பாலும் ஓட்டுநர் சீட்டுக்குத்தான் இருக்கும், அம்மா உட்காரும் பக்கத்து சீட்டுக்கு இருக்காது. அதற்காகத் தனியாகத் தலையணை போட்டு உயர்த்த வேண்டாம். பிரேக் அடிக்கும்போது அது வழுக்கினால் உடல் பெல்ட்டுக்கு அடியில் நழுவும். அதேபோல, கார் வாங்கியதும் தடிமனான ரெக்சின் உறை மாட்டுவதாக இருந்தால், முன்சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக் விரிய வழி விட்டுத் தைத்த உறையா என்று கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறை அவர் கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று பாருங்கள். கதவையோ உங்கள் தோளையோ தேடினால் அடுத்த காரைப் பார்க்கலாம்.