கீமோ முடித்த பையனை மறுபடி ஓட விடலாமா?

வணக்கம் சார். பையனுக்குக் கீமோ முடிந்து கடைசி ஸ்கேனும் நல்லபடியாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், முதலில் அதற்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. அடுத்த வரியிலேயே, 400 மீட்டர் ஓட்டத்தை விட்டுவிடும்படி நீங்கள் அவனிடம் சொல்லிவிட்டதாகவும், அவன் புற்றுநோயிலிருந்து மீண்ட கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'ஆறு மாதத்தில் மைதானத்தில் இருப்பேன்' என்று அடம்பிடிப்பதாகவும், நான்தான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிட அதிகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் புத்தகத்தை நீங்கள் படிக்கவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது. 'யாரோ கிரிக்கெட்காரன் எழுதியது' என்கிறீர்கள். படித்துவிடுங்கள் சார், ஏனென்றால் உங்கள் மகன் அந்த ஆறு மாதக் கணக்கை வானத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. 2011 உலகக் கோப்பையில் யுவராஜ் 362 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். நம் சேப்பாக்கத்தில் மார்ச் 20 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 அடித்தபோது மைதானத்திலேயே வாந்தி எடுத்தார், வெயில்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். இரண்டு நுரையீரலுக்கும் நடுவே புற்றுநோய்க் கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2012 ஜனவரியில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்னிடம் சிகிச்சை, மூன்று சுற்று கீமோ, மார்ச்சில் முடிந்தது, ஏப்ரலில் ஊர் திரும்பினார். செப்டம்பர் 11, மறுபடியும் அதே சேப்பாக்கத்தில், நியூசிலாந்துக்கு எதிரான டி20-இல் இறங்கி 26 பந்தில் 34 அடித்தார். ஒரு ரன்னில் தோற்றோம், ஆனால் அன்று யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. மார்ச்சிலிருந்து செப்டம்பர், ஆறு மாதம். பையனின் கணக்கு சரிதான்.

அவன் பார்க்காத இடம் வேறு. அந்தப் புத்தகம் 2013-இல் வந்தது, அதாவது திரும்பி வந்த சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை, இருக்கவும் முடியாது. 2014-இல் டாக்காவில் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 21 பந்தில் 11 ரன் எடுத்துவிட்டு ஊரெல்லாம் திட்டு வாங்கினார். 2015 ஐபிஎல் ஏலத்தில் டெல்லி 16 கோடி கொடுத்து எடுத்தது, அதே ஆண்டு உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடமே இல்லை. அப்புறம் 2017 ஜனவரியில் கட்டாக்கில் இங்கிலாந்துக்கு எதிராக 127 பந்தில் 150, அவருடைய ஒருநாள் ஆட்டங்களில் அதுதான் அதிகபட்சம். அதற்கு முந்தைய ஒருநாள் சதம் எது தெரியுமா? வாந்தி எடுத்துக்கொண்டே அடித்த அந்தச் சேப்பாக்கம் சதம். நடுவில் கிட்டத்தட்ட ஆறு வருடம். ஆறு மாதத்தில் மைதானத்துக்கு வந்துவிடலாம், பழைய ஆட்டத்துக்கு வர ஆறு வருடம் ஆகலாம், அந்த இடைவெளியில் அணியில் இருப்பதும் இல்லாததும் மாறி மாறி நடக்கும். இதை உங்கள் மகனிடம் பயமுறுத்துவது போலச் சொல்லாதீர்கள். ஒரு விளையாட்டு வீரனுக்கு இது உற்சாகமான செய்திதான், 35 வயதில் 150 அடித்திருக்கிறார் மனிதர்.

நடுவில் விழுந்த அத்தனை வருடமும் யுவராஜுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. பெயர் இருந்தது, விளம்பரம் இருந்தது, ஐபிஎல் இருந்தது. உங்கள் பையனுக்கு இருப்பது ஸ்கூல் கேம்ஸ் தேசியப் போட்டிச் சான்றிதழும், எழுதாமல் விட்டுப்போன பிளஸ் டூ பரீட்சையும். ஆகவே ஓடுவதா படிப்பதா என்பது இங்கே கேள்வியே இல்லை, ஓட்டம் மெதுவாகத் திரும்பி வரும் வருடங்களில் கையில் என்ன இருக்கப்போகிறது என்பதுதான் கேள்வி. படிப்பைப் பற்றி அவனிடம் பேசும்போது இப்படிப் பேசுங்கள், 'விளையாடினது போதும்' என்று ஆரம்பித்தால் அவன் காதை மூடிக்கொள்வான்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை, ஆனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். அவனுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டுக் கீமோ கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு மருந்துகளில் டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது, சில பேருக்கு அது வருடங்கள் கழித்துத்தான் தெரியும். பிளியோமைசின் நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் இதே இண்டியானாபோலிஸில் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தபோது, இவர் மறுபடி பந்தயத்துக்குப் போக வேண்டியவர், நுரையீரல் போய்விடக் கூடாது என்று பிளியோமைசின் இல்லாத கூட்டு மருந்துக்கு மாற்றினார்கள். (அவர் பின்னால் ஊக்கமருந்தில் மாட்டி ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களையும் 2012-இல் இழந்தார், அது வேறு கதை. அந்த மருத்துவ முடிவு அதனால் பொய்யாகிவிடாது.) 400 மீட்டர் என்பது இதயத்தையும் நுரையீரலையும் கடைசிச் சொட்டு வரை பிழிகிற ஓட்டம், டி20-இல் 26 பந்து ஆடுவதோடு அதை ஒப்பிட முடியாது. அதனால் டாக்டரிடம் 'ஓடலாமா' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள், 'பார்த்துப் பார்த்து ஓடட்டும்' என்று அவரும் மொட்டையாகத்தான் சொல்வார். இந்த இரண்டு மருந்தும் மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது, இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எப்படி இருக்கிறது, நுரையீரல் செயல்திறன் சோதனை எடுத்தாயிற்றா, முழுவேக ஓட்டத்துக்கு எப்போது அனுமதிப்பீர்கள், அதற்கு முன் எந்த அளவு வரை போகலாம் என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக் கோச்சிடம் கொடுங்கள். கோச்சும் டாக்டரும் ஒருமுறை போனில் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது.

ஜப்பானின் நீச்சல் வீராங்கனை இகே ரிகாகோவைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள், யுவராஜைவிட இவனுக்குப் பொருத்தம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஆறு தங்கம் வாங்கிய பெண், 2019 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய். டிசம்பரில் வீடு திரும்பியதும் அவர் வைத்த இலக்கு டோக்கியோ இல்லை, 2024 பாரிஸ். 2020 ஆகஸ்ட்டில் முதல் போட்டிக்கு இறங்கியது 50 மீட்டரில், இருப்பதிலேயே குட்டிப் பந்தயம். கொரோனாவால் ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போனதில் டோக்கியோவுக்கும் தொடர் நீச்சல் அணியில் தகுதி பெற்றார், பாரிஸுக்கும் போனார். தேதியைத் தள்ளி வைத்தார், தூரத்தைக் குறைத்து ஆரம்பித்தார். உங்கள் பையன் ஆறு மாதத்துக்குப் பதில் இரண்டு வருடம் கழித்துவரும் பல்கலைக்கழகப் போட்டியைக் குறி வைக்கட்டும். அந்த இரண்டு வருடத்துக்கு மருத்துவக் காரணமும் உண்டு, உங்கள் பையனுக்கு வந்த நோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள்தான், அதனால்தான் இப்போது அடிக்கடி பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, நிறையப் பேர் கோட்டை விடுவது. போட்டிக்குத் திரும்பும்போது அவன் என்னென்ன மருந்து எடுக்கிறான் என்று பாருங்கள். மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுக்கும் ஸ்டீராய்டு போட்டிக் காலத்தில் தடை, ரத்த சோகைக்குப் போடும் எரித்ரோபொய்ட்டின் ஊசி எப்போதுமே தடை. நோய்க்காகத்தான் எடுத்தேன் என்று மாட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை, தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சை விலக்கு முறைப்படி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றையும் தொலைத்துவிடாதீர்கள்.

இனி படிப்பு. பிளஸ் டூவைத் துணைத்தேர்விலோ அடுத்த மார்ச்சிலோ எழுதட்டும், உடம்பு தாங்குவதைப் பொறுத்து. ஒரு வருடம் போய்விட்டதே என்று புலம்பியிருக்கிறீர்கள். எந்தக் கல்லூரியும், பின்னால் எந்த வேலை கொடுப்பவரும், சிகிச்சையில் இருந்தேன் என்ற ஒற்றை வரிக்கு மேல் அதைப் பற்றித் துருவ மாட்டார்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் உண்டு, அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு, ஆனால் எந்த ஆண்டுச் சான்றிதழ், எந்தப் படிவம் செல்லும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இவன் கடைசியாக ஓடியது நோய்க்கு முன்னால், நீங்கள் எவ்வளவு தள்ளிப்போடுகிறீர்களோ அவ்வளவு அந்தச் சான்றிதழ் பழசாகும். ஆகவே ஒதுக்கீட்டில் இடம் வாங்குவதென்றால் பரீட்சையை ரொம்பத் தள்ளாதீர்கள், அந்த வருட அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். போலீஸ், ராணுவம் என்று அவன் கனவு கண்டுகொண்டிருந்தால் அதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், அங்கே உடல்தகுதி விதிகள் கண்டிப்பானவை, புற்றுநோய் வந்தவர்களுக்குத் தடையாகலாம். பட்டம் முடித்த பிறகு தெரிந்து நொறுங்குவதைவிட இப்போதே தெரிவது மேல்.

எந்தப் படிப்பு என்று கேட்டால், நீங்கள் அவன் எந்த குரூப் என்றே எழுதவில்லை! உயிரியல் இருந்தால் பிசியோதெரபி நல்ல வழி, தன் உடம்பிலேயே பாடம் படித்தவன். மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறைப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் 'விளையாட்டுக்காரன்தானே, விளையாட்டு சம்பந்தமாகவே சேர்த்துவிடுவோம்' என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தன்னால் ஓட முடியாத நாளில் தினமும் அடுத்தவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சில பையன்களுக்குச் சித்திரவதை. பி.காம் படித்துக்கொண்டே மாலையில் ஓடுகிறேன் என்றால் அதுவும் முழுக்க மரியாதையான திட்டம்தான். நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான், முதல் இரண்டு வருடம் ஆஸ்பத்திரிக்கு எட்டுகிற தூரத்தில், மைதானம் உள்ள கல்லூரி. வடக்கே விடுதியில் சேர்த்துவிட்டு ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரயில் ஏற வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. யுவராஜ் சிறுவனாக ஸ்கேட்டிங்கில் ஜெயித்துக்கொண்டிருந்தவர், அவர் அப்பா யோக்ராஜ் சிங் அதை நிறுத்திக் கிரிக்கெட்டுக்கு இழுத்துப்போனார். அது பலித்தது என்பதால் எல்லா அப்பாக்களும் அதை உதாரணம் காட்டுகிறார்கள், பலிக்காத வீடுகளைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. நீங்கள் அதன் மறுபக்கம், இழுத்து நிறுத்தப் பார்க்கிறீர்கள். மறுபடி ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான், புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை 'படிப்பு' என்று பெயர் மாற்றி அவனிடம் கொடுக்காதீர்கள், பயமாக இருக்கிறது என்றே சொல்லிவிடுங்கள், பதினெட்டு வயதுப் பையனுக்கு அது புரியும்.

எக்கோவும் நுரையீரல் சோதனையும் முடிந்ததும், குரூப் எது, பதினொன்றாம் வகுப்பில் எவ்வளவு மார்க், எந்தெந்தச் சான்றிதழ் எந்தெந்த ஆண்டு என்று எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அடுத்த கடிதத்தைத் தம்பியையே எழுதச் சொல்லுங்கள் சார்.