பஃபலோ வரும் புளியரைத் தம்பிக்கு

தம்பி, ஜனவரியில் இங்கே அமெரிக்காவின் பஃபலோவுக்குப் படிக்க வருவதாக எழுதியிருந்தீர்கள். என்ன ஜாக்கெட் வாங்கலாம், அரிசி பருப்பு கிடைக்குமா, பனியைச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அரிசி முதல் முருங்கைக்காய் வரை எல்லாம் கிடைக்கும். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், தென்காசி ஸ்வெட்டர் தாங்காது. பனியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

புளியரைக்காரருக்கு இது சீக்கிரம் புரியும். ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று செங்கோட்டையில் சாரலாக அடிக்கும்போது சங்கரன்கோவில் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், இல்லையா? இங்கேயும் அப்படித்தான். ஊரை ஒட்டியிருக்கும் ஈரி ஏரி உறையாமல் இருக்கும்போது கடுங்குளிர் காற்று அதன் மேல் ஓடி வந்தால், ஈரத்தை வாரி வந்து கரையில் பனியாகக் கொட்டும். அதுவும் ஒரு பட்டையாகத்தான். 2014 நவம்பரில் ஊருக்கு வடக்கே சில அங்குலம், தெற்கே ஐந்தடிக்கு மேல். நான் இருந்தது தெற்கே. வந்து மூன்றே மாதம்.

அன்று நண்பனின் கார் நடுத்தெருவில் சிக்கிவிட்டது. எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் போட்டு, கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தலை வலித்தது, பசி என்று நினைத்தேன். எதிர்வீட்டு அம்மா, எழுபது வயதிருக்கும், பனி அள்ளும் ஷவலோடு வந்து கண்ணாடியைத் தட்டி எஞ்சினை அணைக்கச் சொன்னார். நேரே வண்டிக்குப் பின்னால் போனார். சைலன்சர் குழாய் பனிக்குள் புதைந்து கிடந்தது. தோண்டியபோது குழாயைச் சுற்றிப் பனி உருகி, மறுபடி இறுகி, கரி படிந்திருந்ததைப் பார்த்தேன். அடைபட்ட புகை காருக்குள்தான் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதனால் வண்டி மாட்டினால் முதலில் குழாயைத் தோண்டுங்கள், பிறகுதான் ஹீட்டர். வீட்டு ஹீட்டரின் புகைக்குழாய் சுவருக்கு வெளியே இருந்தால் அதையும் பாருங்கள்.

இங்கே வெகுநாளாக இருக்கும் நம் ஆட்கள் சிலர், "ஒண்ணுமில்லை, ரெண்டு வருஷத்தில் பழகிடும்" என்பார்கள். கேட்டாலே எனக்குக் கோபம் வரும். 2022 கிறிஸ்துமஸ் புயலில் இந்தக் கவுண்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆம்புலன்ஸே போக முடியாத இடங்கள் இருந்தன. நான் முந்தின நாளே சாமான் வாங்கிப் போட்டுவிட்டு, நான்கு நாள் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக வீட்டுக்குள்ளேயே இருந்தேன். வேலைக்கு வரச் சொல்லி மேலதிகாரி போன் செய்தார், முடியாது என்றுவிட்டேன். வேலை போயிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். நீங்களும் போகாதீர்கள்.

2014இல் கார் சிக்கிய அன்று, அந்த எதிர்வீட்டு அம்மா எங்களைத் தன் வீட்டுச் சமையலறையில் உட்காரவைத்து சூப் கொடுத்தார். 1977 ஜனவரிப் புயலைப் பற்றி அப்போதுதான் கேட்டேன். அந்த வருடம் ஏரி முன்னதாகவே உறைந்துவிட்டதாம். பனிக்கட்டி மேல் வாரக்கணக்கில் சேர்ந்த பனியைக் காற்று அப்படியே தூக்கி ஊருக்குள் கொட்டியதாம். அவருடைய அப்பா மாடி ஜன்னல் வழியாக இறங்கினாராம். பேசிக்கொண்டே என் நனைந்த சாக்ஸைக் கழற்றி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப்போட்டார்.

இப்போது அவர் வீட்டு வாசல் பனியையும் நான்தான் அள்ளுகிறேன். வந்ததும் போன் பண்ணுங்கள், ஷவல் ஒன்று கூடுதலாக இருக்கிறது.